மரைக்குள் சிக்கிய இரும்பு

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவில் ஹரோல்ட் ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் என்ற மூவரிடம் ஒரு வேலை வந்து சேர்ந்தது. அலுமினிய ஹைட்ராலிக் வால்வுகளில் துளை போடும்போதும் மரை வெட்டும்போதும் டிரில்லும் டேப்பும் உள்ளேயே முறிந்து நின்றுவிடுகின்றன. வால்வு கெடாமல் அவற்றை வெளியே எடுக்க வேண்டும். டேப் என்பது கடினப்படுத்திய எஃகு. இன்னொரு டிரில்லை வைத்தால் அது எஃகின் மேல் வழுக்கி, பக்கத்தில் இருக்கும் மென்மையான அலுமினியத்தில் இறங்கிவிடும். மின்சாரப் பொறியாளரான ஹார்டிங், தீப்பொறியைக் கொண்டே அந்த எஃகை அரித்து எடுக்கலாம் என்றார். அது பலித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் போரிஸ், நத்தாலியா லசரென்கோ தம்பதியர் மின் இணைப்பு முனைகள் தீப்பொறியால் தேய்வதைத் தடுக்க ஆராய்ந்து, 1943இல் அந்தத் தேய்வையே ஒரு வெட்டும் முறையாக மாற்றினார்கள். இன்று டூல் ரூம்களில் அச்சு செய்யப் பயன்படும் ஸ்பார்க் எரோஷன் எந்திரங்கள் எல்லாம் இந்த இரண்டு வேர்களிலிருந்து வந்தவை. அதில் ஒரு வேர், முறிந்துபோன டேப்பை எப்படி எடுப்பது என்ற ஒற்றைக் கேள்வி.

அந்தக் கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை. ஒர்க்‌ஷாப்பில் சைலன்சர் கழற்றும்போது ஸ்டட் முறிகிறது. ஆயில் மாற்ற வந்த பைக்கின் டிரெயின் போல்ட் மரையையும் சுரண்டிக்கொண்டு வெளியே வருகிறது. கிணற்று மோட்டாரின் பம்பைப் பிரிக்கும்போது போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு வந்துவிடுகிறது. முறிந்த துண்டின் விலை சில ரூபாய். அது சிக்கியிருக்கும் ஹெட்டோ கேசிங்கோ பல ஆயிரம். இந்த வேறுபாடுதான் இந்த வேலையை ஒரு தனிக் கலையாக்கியிருக்கிறது.

போல்ட் கழல மறுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு போல்ட்டை முறுக்கும்போது கை கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பாகங்களைச் சேர்த்து இறுக்குவதற்குப் போகிறது. கிட்டத்தட்ட பாதி, போல்ட் தலையின் அடிப்பரப்பு உரசுவதில் செலவாகிறது. மீதி மரைகளுக்கு இடையிலான உராய்வில் போய்விடுகிறது. ஆக, போல்ட்டின் வாழ்க்கையே உராய்வில்தான் இருக்கிறது. அந்த உராய்வு ஓரளவு கூடினால்கூட, கழற்றத் தேவைப்படும் விசை போல்ட்டே தாங்காத அளவுக்கு ஏறிவிடும்.

உராய்வைக் கூட்டுவதில் துரு முதலிடம் வகிக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். மரைகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய இடைவெளியை அது நிரப்பிவிட்டுப் பிறகும் நெருக்குகிறது. கடலோரத்தில் கதை வேறு. மீன்பிடிப் படகின் அவுட்போர்டு மோட்டாரில் அலுமினிய உடலுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் இருக்கும். இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்புத் தண்ணீர். அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. தின்னப்படுவது அலுமினியம். அதன் வெள்ளைத் தூள் மரைக்குள் கெட்டியாக அடைத்துக்கொள்கிறது. போல்ட் பளபளவென்று புதிதாகவே தெரியும், ஆனால் அசையாது. ராமேஸ்வரமானாலும் யாழ்ப்பாணமானாலும் அவுட்போர்டு பழுதுபார்ப்பவருக்கு இந்த வெள்ளைத் தூள் பழகிய எதிரி.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் போட்டு வேகமாக முறுக்கினால் இன்னொரு விதமாகச் சிக்கும். உரசும் இடத்தில் காப்பு ஆக்ஸைடு படலம் உரிந்து, உலோகமும் உலோகமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். துருவே இல்லாமல், புத்தம் புதிய போல்ட்டில், ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும். இதற்கு எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வேறு காரணங்களும் உண்டு. எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களில் கரி படிந்து இறுகுவது ஒன்று. ஏற்கெனவே ஒருவர் சிவப்பு நிற லாக்டைட் பூசியிருப்பது மற்றொன்று. காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் பசை அது. சுமார் 250 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இளகும், அதற்குக் குறைந்தால் போல்ட் முறியும்.

இடது மரையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்க நட்டு, சைக்கிளின் இடது பெடல், எரிவாயு சிலிண்டர் இணைப்புகள் ஆகியவை எதிர்த்திசையில் கழல்பவை. இது தெரியாமல் முழு பலத்தையும் போட்டு இறுக்கி முறித்தவர்கள் கணக்கற்றவர்கள். கழலவில்லை என்று குழாய் மாட்டி ஸ்பேனரின் பிடியை நீட்டுவதற்கு முன், மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருமுறை பார்ப்பது பெரிய செலவைத் தடுக்கும்.

இந்தப் பொருளைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை எந்தக் கருவியை வாங்குவது என்பதிலேயே தொடங்கி முடிகின்றன. அனுபவமுள்ள கைகள் தொடங்கும் இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. போல்ட் எப்போது, எப்படி முறிந்தது? இறுக்கும்போது அளவுக்கு மீறி முறுக்கித் தலை போயிருந்தால், மிச்சத் துண்டை உள்ளே பிடித்து வைத்திருக்க எதுவுமில்லை. தலை போனதுமே இழுவிசையும் போய்விட்டது. அப்படிப்பட்ட துண்டைச் சில நேரம் கூரிய ஊசியால் தள்ளியே சுற்றி எடுத்துவிடலாம். கழற்றும்போது முறிந்திருந்தால் நிலைமை நேரெதிர். முழு போல்ட்டாலும் வெல்ல முடியாத பிடி அது. போல்ட்டை விட மெல்லிய எந்தக் கருவியும் அதை வெல்லப் போவதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு கம்பி எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் பலம் எட்டு மடங்கு. 12 மில்லிமீட்டர் போல்ட் தாங்குவதில் எட்டில் ஒரு பங்கைத்தான் அதே எஃகில் செய்த 6 மில்லிமீட்டர் போல்ட் தாங்கும். பைக் இன்ஜின் மூடிகளை இறுக்கும் எம்6 போல்ட்டுக்கு வழக்கமான முறுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர்தான். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் நான்கு கிலோ அழுத்தம் போதும். லாரி வீலைக் கழற்றிய கை அப்படியே அடுத்த நிமிடம் எம்6 போல்ட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முறியும் முன்னே செய்யக்கூடியவற்றில் அதிகம் பேசப்படுவது எண்ணெய். மண்ணெண்ணெய், டீசல், கடையில் விற்கும் ஸ்பிரே என்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. டபிள்யூடி-40 இந்த வேலைக்கென்று பிறந்ததல்ல. 1953இல் சான் டியாகோவின் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி, அட்லஸ் ஏவுகணையின் உடல் துருப்பிடிக்காமல் இருக்க நீரை விரட்டும் திரவமாக அதைச் செய்தது. 2007இல் அமெரிக்காவின் மெஷினிஸ்ட்ஸ் ஒர்க்‌ஷாப் இதழில் ஒரு ஒப்பீட்டுச் சோதனை வெளியானது. எதுவும் போடாத துருப்பிடித்த இணைப்பை அசைக்க 516 பவுண்டு விசை தேவைப்பட்டது. டபிள்யூடி-40 போட்டதற்கு 238. அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் சமமாகக் கலந்து ஊற்றியதற்கு வெறும் 53. உலகெங்கும் மெக்கானிக்குகள் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வது சரியாகாது. மாதிரிகள் மிகச் சில. துருவும் வேகமாக உண்டாக்கப்பட்ட துரு. பத்து மழைக்காலம் கண்ட துரு அல்ல. அசிட்டோன் கியர் ஆயிலோடு நிலையாகக் கலப்பதில்லை, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். சீக்கிரம் ஆவியாகும், சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்டையும் ரப்பரையும் தின்னும். எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதே பெரிய விஷயம். மாலையில் ஊற்றி, சுத்தியலால் சில தட்டுத் தட்டிவிட்டு, மறுநாள் காலை மறுபடி ஊற்றிக் கழற்றுவதற்குள்ள பலன், ஊற்றிய ஐந்தாவது நிமிடமே ஸ்பேனரை மாட்டுவதற்கு இல்லை. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தும் பட்டறையில் இந்தப் பொறுமைக்கு இடம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

சுத்தியலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. போல்ட் தலையில் நேராக, அச்சுத் திசையில் விழும் அடி மரைக்குள் இருக்கும் துருவை நொறுக்குகிறது. எண்ணெய் இறங்க வழி பிறக்கிறது. இம்பாக்ட் கன் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். ஒரே சீராக அழுத்தும் நீளக் கம்பியைவிட, படபடவென்று விழும் சிறு அடிகள் பிடியைத் தளர்த்தும், போல்ட்டையும் காப்பாற்றும். கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி என்று முன்னும் பின்னும் அசைப்பதும் அதே காரணத்தால் பலிக்கிறது. பன்னிரண்டு முனை ரிங்கைவிட ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் போல்ட் தலையை முழுதாகப் பற்றும். தலை உருண்டுபோன பின் இந்த அறிவு வந்து பயனில்லை.

ஸ்டார் ஸ்குரூவுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஹென்றி பிலிப்ஸ் 1930களில் அமெரிக்காவில் பிரபலமாக்கிய குறுக்கு வெட்டுத் தலையில், விசை கூடும்போது டிரைவர் தானாக மேலே எழும்பி வழுக்கும். ஜப்பானியர் தங்கள் தொழில்தரத்தில் அமைத்த குறுக்கு வெட்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் கோணமும் ஆழமும் சற்று வேறு. அதில் சாதாரண பிலிப்ஸ் டிரைவரை வைத்தால் அடிவரை உட்காராது. ஒரே திருப்பில் வெட்டு சிதைந்துவிடும். 1985இல் இந்தியாவுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ்100இன் இன்ஜின் மூடிகளில் இருந்தவை இந்த வகை ஸ்குரூக்கள்தான். இன்று அந்த வண்டியைப் புதுப்பிக்கும் இளைஞர்கள் முதலில் சந்திக்கும் தொல்லை, முன்னால் யாரோ சிதைத்துவிட்டுப் போன இந்தத் தலைகள். தலையில் சுத்தியலால் அடித்தால் நுனி திரும்பும் இம்பாக்ட் ஸ்குரூ டிரைவர் இதற்கென்றே உள்ள கருவி. அடியின் அழுத்தம் நுனியை வழுக்க விடாமல் உள்ளே பிடித்துக்கொள்கிறது. பலர் கழற்றிய கையோடு ஆலன் போல்ட்டுக்கு மாறிவிடுகிறார்கள், நல்ல முடிவு.

எண்ணெயும் அடியும் தோற்ற இடத்தில் சூடு வேலை செய்கிறது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். எஃகு அதில் ஏறக்குறைய பாதி. 8 மில்லிமீட்டர் எஃகு ஸ்டட் அலுமினிய ஹெட்டில் சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் 150 டிகிரி உயர்த்தினால் துளை 28 மைக்ரான் அகலும், ஸ்டட் 14 மைக்ரான் பருக்கும். கிடைக்கும் இடைவெளி சுமார் 14 மைக்ரான்; தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அது போதும். அந்த நேரத்தில் மெழுகுவர்த்தியை மரையின் வாயில் தொட்டுப் பிடித்தால் உருகிய மெழுகு உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். பழைய பட்டறைக்காரர்கள் இதை இன்றும் விடாமல் செய்கிறார்கள்.

எஃகு ஸ்டட் வார்ப்பிரும்பில் சிக்கியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரியும். அங்கே போல்ட்டை மட்டும் சூடாக்குவது நல்லது. சூடான போல்ட் விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு விடாது. போல்ட் உள்ளுக்குள்ளேயே நசுங்கும். ஆறியதும் முன்பைவிடச் சற்று மெலிந்து நிற்கும். செந்நிறம் வரை சூடாக்கி ஆறவிட்ட எக்ஸாஸ்ட் ஸ்டட்டுகள் மறுநாள் சாதாரண ஸ்பேனருக்கு இணங்கி வருவதன் ரகசியம் இதுதான். சுருளுக்குள் போல்ட்டை மட்டும் நுழைத்து மின்தூண்டலால் சூடாக்கும் கையடக்கக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. தீச்சுடர் இல்லாமல், பக்கத்து வயரும் சீலும் கருகாமல் வேலை முடிகிறது.

சூட்டில் அபாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உருகும் வரை நிறம் காட்டாது. இரும்பைப் போலச் சிவக்கும் என்று காத்திருந்தவர் ஹெட்டின் காதையே இழப்பார். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தின் மேல் டார்ச்சையோ வெல்டிங்கையோ பிடித்தால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சு வாயு அது. பெட்ரோல் டேங்கும் ஹோஸும் பக்கத்தில் இருந்தால் முதலில் அவற்றைக் கழற்றி எட்ட வைக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் முறிந்துவிட்டது. மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். மரை தெரியும் ஸ்டட்டானால் இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிப் பூட்டி, அடியிலிருக்கும் நட்டைத் திருப்பலாம். மரை இல்லாத மொட்டைத் துண்டுக்கு வைஸ் கிரிப். ஆனால் கழற்றும்போது முறிந்த துண்டுக்கு இருப்பதிலேயே சிறந்த வழி வெல்டிங். துண்டின் மேல் சற்றுப் பெரிய நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக உள்ளே வெல்ட் நிரப்ப வேண்டும். துண்டு துளைக்குள் சற்றுக் கீழே முறிந்திருந்தாலும் வெல்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கட்டிவந்து நட்டைச் சேர்க்கலாம். எஃகு வெல்ட் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் துளைச் சுவரோடு சேர்ந்துவிடும் பயம் இல்லை. இந்த ஒரே வேலையில் இரண்டு பலன்கள் கிடைக்கின்றன. பிடிக்கத் தலை கிடைக்கிறது. துண்டின் நடுவிலிருந்தே கடும் சூடும் இறங்குகிறது. செந்நிறம் மறையும் வரை பொறுத்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். முதல் நட்டு பிய்த்துக்கொண்டு வரலாம், இரண்டாவதும் வரலாம். ஒவ்வொரு சூடும் பிடியைத் தளர்த்துவதால் மூன்றாவது நட்டுக்கு அது இணங்கிவிடும். இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பைத் துண்டுக்கு மிக அருகில் மாட்டுவது அவசியம். இல்லாவிட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியு போய்விடும்.

இதற்கு மாறாக, கடைகளில் முதலில் எடுத்து நீட்டப்படுவது ஈஸி அவுட். முறிந்த துண்டில் துளை போட்டு, இடப்பக்கம் சுழலும் கூம்பு வடிவக் கருவியை அதில் இறக்கிச் சுற்றுவது. இறுக்கும்போது முறிந்த, உள்ளே தளர்வாக இருக்கும் துண்டுக்கு இது அருமையான கருவி. பிடித்து நிற்கும் துண்டுக்கு இதைப் பயன்படுத்துவதைத்தான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய தவறு என்று சொல்ல வேண்டும். போல்ட்டின் பாதி விட்டமே உள்ள கருவி, முழு போல்ட் தோற்ற இடத்தில் வெல்ல வேண்டியிருக்கிறது. கடின எஃகு என்பதால் பலம் கூடுதல்தான். ஆனால் அதே கடினம்தான் அதைக் கண்ணாடிபோல் உடையச் செய்கிறது. மேலும் அது கூம்பாக இருப்பதால் இறங்க இறங்க துண்டை விரித்து மரையோடு இன்னும் நெருக்குகிறது. ஈஸி அவுட் உள்ளே முறிந்தால், டிரில் ஏறாத எஃகு ஒன்று, டிரில் ஏறும் எஃகுக்குள் சிக்கிக்கொள்கிறது. அரை மணி நேர வேலை அந்த இடத்தில் டூல் ரூம் வேலையாக மாறிவிடுகிறது.

டிரில் போட்டே தீர வேண்டும் என்றால் எல்லாம் மையத்தில் இருக்கிறது. முறிந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை அரத்தாலோ சிறு கிரைண்டர் கல்லாலோ சமப்படுத்தி, சென்டர் பஞ்ச் வைத்து, சிறிய டிரில்லில் தொடங்க வேண்டும். கைப்பழக்கத்தை மட்டும் நம்பாமல், லேத்தில் கடைந்த புஷ்ஷைத் துளைக்குள் வைத்தோ, பக்கத்து போல்ட்டில் ஒரு தகட்டைப் பூட்டியோ டிரில்லுக்கு வழிகாட்டி அமைப்பவர்கள் துளையைக் காப்பாற்றுகிறார்கள். இடப்பக்கம் சுழலும் டிரில் கிடைத்தால் விட வேண்டாம். துளை ஆழம் போகப்போக துண்டின் நெருக்கம் குறைந்து, டிரில்லின் சுழற்சியே பல நேரம் அதை வெளியே கொண்டுவந்துவிடும். எம்6 துண்டில் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், எம்8இல் 6.8க்குச் சற்றுக் குறைவாகவும் மையம் தப்பாமல் துளைத்தால் எஞ்சுவது மரையின் மெல்லிய சுருள் மட்டுமே. கூர்மையான ஊசியால் நெம்பினால் அது கம்பிச் சுருளாகவே வந்துவிடும்.

முறிந்த டேப்புக்கும் ஈஸி அவுட்டுக்கும் ஸ்பார்க் எரோஷன்தான் நிச்சயமான வழி. ஆனால் எந்திரத்துக்குப் பாகத்தைக் கொண்டுபோக வேண்டும், அதாவது இன்ஜினைப் பிரிக்க வேண்டும். கார்பைடு முனை கொண்டு மில்லிங் எந்திரத்தில் கடைந்தெடுப்பவர்களும் உண்டு.

இன்னொரு வழி நம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது: படிகாரம். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் முறிந்த எஃகுத் திருகை எடுக்க நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. படிகாரத்தைச் சூடான நீரில் முடிந்த மட்டும் கரைத்து, பாகத்தை அதில் மூழ்க வைத்துச் சூட்டிலேயே வைத்திருந்தால், அந்த அமிலக் கரைசல் எஃகை அரித்துக் கரைக்கும். பித்தளையைத் தொடாது, அலுமினியத்தையும் பெரிதாகப் பாதிக்காது. மணிக்கணக்கில், பெரிய துண்டானால் நாள்கணக்கில் ஆகும். கார்புரேட்டர் உடல், சிறிய மூடி போன்றவற்றுக்கு இது கைகொடுக்கும். சிலிண்டர் ஹெட்டை அப்படி மூழ்கடிக்க முடியாது. வால்வு உட்காரும் வளையங்கள் இரும்புக் கலவை, அவையும் கரைந்துபோகும். துளையைச் சுற்றிக் களிமண்ணால் அணை கட்டிக் கரைசலை அங்கே மட்டும் நிறுத்துவது ஒன்றே வழி. வேறு எதற்கும் அசையாத துண்டை விசையே இல்லாமல் வெளியேற்றும் முறை என்ற வகையில், இது பெறவேண்டிய மதிப்பைப் பெறவில்லை.

துண்டு வெளியே வந்த பின் துளை பிழைத்ததா என்று பார்க்க வேண்டும். பைக் டிரெயின் போல்ட்டில் மரை போவது நம் ஊரில் மிகப் பழகிய கதை. ஆயில் கசிகிறது என்று ஒவ்வொரு முறையும் கூடுதலாக இறுக்கி, கடைசியில் அலுமினிய மரை உரிந்துவிடும். பழைய வாஷரை மாற்றியிருந்தாலே கசிவு நின்றிருக்கும். பெரிய அளவு போல்ட்டுக்கு டேப் அடித்துப் போடுவது மலிவான வழி, ஆனால் அடுத்த முறை இடம் இருக்காது. ஹெலிகாயில் நிலையான வழி. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, தனி டேப்பால் மரை வெட்டி, சாய்சதுர வெட்டுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளைத் திருகி இறக்குகிறார்கள். அலுமினியத்தில் பதியும் மரையின் விட்டம் இப்போது பெரிது, போல்ட் உரசுவதோ எஃகில். எனவே பழுதுபார்த்த துளை புதிய துளையைவிட வலுவாக இருக்கும். விமான இன்ஜின்களில் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தி அனுப்புவது அதனால்தான். ஸ்பார்க் பிளக் துளைக்கு முழு உலோக புஷ் இன்னும் நம்பகமானது.

பிளக் என்று வந்தால் ஒரு பழைய சச்சரவைத் தவிர்க்க முடியாது: மரை சிக்காமல் காக்கும் ஆன்டி சீஸ் பேஸ்டைப் பூசலாமா? பல மெக்கானிக்குகள் பூசாமல் பிளக் போட மாட்டார்கள். என்ஜிகே போன்ற தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். தங்கள் பிளக்கின் மரையில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது, பேஸ்ட் போட்டால் உராய்வு குறைந்து அதே முறுக்கில் பிளக் கூடுதலாக இழுபட்டு முறியலாம் என்பது அவர்கள் வாதம். போல்ட் முறுக்கில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது என்ற முதல் கணக்கை நினைத்தால் அந்த வாதத்தின் நியாயம் புரியும். ஸ்பிளெண்டர் வகை இன்ஜின்களில் இருக்கும் 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டரே போதும். பேஸ்ட் பூசிய மரையில் கைப்பழக்கத்தால் இறுக்குபவர் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவார். பூச்சுள்ள பிளக்கில் பேஸ்ட் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஸ்டட்டிலும் கடலோர ஸ்டெயின்லெஸ் போல்ட்டிலும் கட்டாயம் வேண்டும் என்று பிரித்துக்கொள்வதே சரி. இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பதும் இப்படிச் சச்சரவுக்குரியதுதான். சூட்டில் துளை சற்று அகலும் என்பது மெய். ஆனால் சூடான அலுமினிய மரை மென்மையானது, பிளக்கோடு உரிந்து வர வாய்ப்பு அதிகம். ஆறிய நிலையில் முயன்று, அசையாவிட்டால் மட்டும் கை பொறுக்கும் சூட்டில் இன்னொரு முறை முயல்வது பாதுகாப்பானது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பின், நம் ஊர் பைக்குகளின் சைலன்சர் குழாயிலும் ஆக்ஸிஜன் சென்சார் வந்துவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்திலும் பழுக்கச் சூடாகி ஆறும் இடத்தில், மழை நீர் தெறிக்கும் இடத்தில், ஒரு மரை. தொழிற்சாலையில் பூசிய பேஸ்ட் சில ஆண்டுகள் காக்கும். அந்த வண்டிகள் பத்து வயதை எட்டும்போது இந்த சென்சார்கள் பட்டறைகளுக்கு வேலை கொடுக்கப்போகின்றன. வயர் போக வெட்டு விட்ட சாக்கெட்டும் சூடும் இப்போதே பழகிக்கொள்ள வேண்டியவை.

கழற்றுபவரின் கையை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. வடிவமைத்தவருக்கும் பங்கு உண்டு. ஃபோர்டின் ட்ரைட்டன் இன்ஜின்கள் இதற்கு மிகத் தெளிவான சாட்சி. 1990களின் பிற்பகுதியில் வந்த இரண்டு வால்வு ட்ரைட்டனின் அலுமினிய ஹெட்டில் பிளக்கைப் பிடிக்க நான்கு மரை அளவுக்குத்தான் இடம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்த வண்டிகள் ஏராளம். அடுத்து வந்த மூன்று வால்வு இன்ஜினில், 2004 முதல் 2008 வரை எஃப்-150 போன்ற வண்டிகளில், சிக்கல் தலைகீழானது. பிளக் வெளியே வர மறுத்தது. மரைக்குக் கீழே நீண்ட உலோக உறை ஒன்று எரியறை வரை போகிறது. அந்த உறை பிளக்கின் உடலோடு மடித்து இணைக்கப்பட்ட தனித் துண்டு. உறைக்கும் ஹெட்டுக்கும் நடுவே கரி படிந்து இறுகியதும், பிளக்கைத் திருகினால் மேல்பகுதி மட்டும் கையோடு வந்துவிடும். உறை உள்ளேயே நிற்கும், சில நேரம் பீங்கானோடு சேர்ந்து.

ஃபோர்டு தன் மெக்கானிக்குகளுக்கு அனுப்பிய வழிமுறை, இந்த முழு விஷயத்துக்கும் ஒரு நல்ல பாடம். இன்ஜின் அறை வெப்பத்துக்கு ஆறியிருக்க வேண்டும். பிளக்கை முதலில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. துளைக்குள் கார்புரேட்டர் கிளீனரைச் சிறு அளவு விட்டு, குறைந்தது 15 நிமிடம் ஊறவிட வேண்டும். அதிகம் ஊற்றினால் அது சிலிண்டருக்குள் தேங்கி இன்ஜினையே பூட்டிவிடும். பிறகு முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்ப வேண்டும். அப்படியும் முறிந்தால் அதற்கும் கருவி வந்தது. லிஸ்லே நிறுவனம் விற்ற கருவி, பீங்கானை உறைக்குள் கீழே தள்ளி, உறையின் உள்ளே மரை பதித்து, நட்டை இறுக்க இறுக்க உறையை மேலே இழுத்தது. வெல்டிங்குக்கும் டிரில்லுக்கும் இடமே இல்லாத ஆழத்தில், எரியறைக்குள் ஒரு துகளும் விழாமல் வேலை முடிந்தது. ஒரே ஒரு முறிவுக்கென்று செய்யப்பட்ட கருவி எல்லா முறிவுக்கும் என்று விற்கும் கருவியை எப்படி மிஞ்சுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

வண்டி உரிமையாளர்கள் தொடர்ந்த வழக்கு ஓஹியோவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய், 2016இல் சமரசத்தில் முடிந்தது. பிளக் முறிந்து செலவழித்தவர்களில் தகுதியுள்ளவர்களுக்கு ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. அதற்கு முன்பே ஹெட்டின் வடிவம் மாற்றப்பட்டு, வழக்கமான பிளக் ஏறும்படி செய்யப்பட்டுவிட்டது. பழைய ஹெட்டுள்ள வண்டிகளுக்காக வேறு தயாரிப்பாளர்கள் உறையும் உடலும் ஒரே துண்டாக உள்ள பிளக்குகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றிலும் கரி படியத்தான் செய்யும், கழற்றும்போது ஊறவைக்க வேண்டியும் வரும். ஆனால் உறை தனியே பிரிந்து உள்ளே நிற்க அங்கே இணைப்பு என்று ஒன்று இல்லை.